பிணை

2025 மார்ச்சில் ஒரு மகளிர் தினக் கூட்டம். சிறப்புப் பேச்சாளர் மேடைக்கு ஒரு மானைக் கொண்டுவந்தார். கோடியக்கரை வெளிமானை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேராவது பார்த்திருப்பார்கள். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகப் பேருந்திலேயே போய் வந்துவிடலாம். அந்த மானினத்தைப் பற்றி மரபணு ஆராய்ச்சி ஒன்று வந்திருக்கிறது என்றார். "ஆண்மான் ஊர் ஊராப் போகுது. பெண்மான் பொறந்த எடத்த விட்டு நகரமாட்டேங்குது. இத நான் சொல்லலம்மா, டி.என்.ஏ. சொல்லுது" என்றார். அங்கிருந்து வீடு, விளக்கு, பண்பாடு என்று பேச்சு வழக்கமான தடத்தில் இறங்கியது. மாணவிகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று உறைத்தது.

நான் கவிதை எழுதுகிறவள். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். மரபணுவுக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் அன்று மேடையில் நடந்தது என் துறையைச் சேர்ந்த விஷயம். ஒரு பிரதி தவறாக வாசிக்கப்பட்டது. தவறான வாசிப்பைக் கண்டால் நிறுத்திக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அன்று நான் கேட்கவில்லை. அந்தக் கடனை இந்தக் கட்டுரையில் தீர்க்கப் பார்க்கிறேன்.

துணைக்கு ஒருத்தியை அழைத்துக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதற்பகுதித் தமிழ் படித்த விலங்கியல் மாணவி அவள். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயல் உண்டு என்று நான் சொன்ன அன்று, "மேம், எங்க டிபார்ட்மெண்ட்லயும் மரபியல் பேப்பர் இருக்கு" என்று வகுப்பையே சிரிக்க வைத்தவள். இன்று அதே மரபியலில் முனைவர் பட்டம் முடித்து, வேறொரு மாநிலத்தில் காட்டுயிர் மரபணுத்தொகுதி பற்றிய ஆய்வில் போஸ்ட்-டாக் ஆக இருக்கிறாள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பேச்சாளர் சொன்ன ஆராய்ச்சி எதுவாக இருக்கும் என்று கேட்டேன். கைப்பேசியில் தேடி எடுத்து நீட்டினாள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு மாலைகள் அதைப் படித்தோம். அவள் ஆசிரியை, நான் மாணவி.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அனன்யா ஜனா, பிரவீண் காரந்த் இருவரும் எழுதி 2023இல் வெளியான கட்டுரை அது. எல்லாமே கறுப்பு வெள்ளையாக இல்லை என்று பொருள்படும் சிலேடையோடு தலைப்பு தொடங்குகிறது. வளர்ந்த ஆண் முதுகில் கறுத்து வயிற்றில் வெளுத்திருக்கும் விலங்கைப் பற்றிய கட்டுரைக்கு அது பொருத்தமான விளையாட்டுத்தான். எட்டு மாநிலங்களில் பன்னிரண்டு இடங்களிலிருந்து மாதிரிகள் சேகரித்திருக்கிறார்கள். "மாதிரின்னா என்ன?" என்றேன். "புழுக்கை மேம்" என்றாள். மானைப் பிடிக்கவில்லை, ஊசி போடவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. தூரத்தில் நின்று காத்திருந்து, மந்தை நகர்ந்த பிறகு போய்ப் புழுக்கை பொறுக்கியிருக்கிறார்கள். புழுக்கையின் மேல் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கலாமாம். ஆட்டுப்பட்டியைக் கூட்டி அள்ளும் எங்கள் ஊர்ப் பெண்களின் வேலையும் நாட்டின் பெரிய ஆய்வுக்கூடத்தின் வேலையும் ஒரே பொருளில் தொடங்குகின்றன என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

அந்த டி.என்.ஏ.வில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று செல்லின் உட்கருவில் இருப்பது. தாயும் தகப்பனும் பாதிப்பாதி தந்தது. மற்றது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சின்ன வளையம். அது தாயிடமிருந்து மட்டும் வருவது. எனக்குப் புரிவதற்காக அவள் ஒரு வழி சொன்னாள். நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் தலைப்பெழுத்து நிற்கிறதல்லவா, அந்த வளையத்தில் அம்மாவின் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் அந்த எழுத்து உண்டு. ஆனால் அவன் அதைத் தன் பிள்ளைகளுக்குத் தர முடியாது. பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாவின் எழுத்து. ஆகவே ஓர் ஆண்மான் எத்தனை ஊர் தாண்டிப் போய்க் குட்டி போட வைத்தாலும் இந்தக் கணக்கில் அவன் நடந்த தடம் பதியாது. உட்கருவின் கணக்கில் பதியும்.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தாய்வழி எழுத்து இடத்துக்கு இடம் தனித்தனியாக இருந்தது. உட்கருவின் கணக்கோ வடக்கு, தெற்கு, கிழக்கு என்ற மூன்று பெரிய தொகுதிகளுக்குள் எதிர்பார்த்ததைவிடக் கலந்திருந்தது. வயல், சாலை, ஊர் என்று மனிதர்கள் இடையில் நிறைந்த பிறகும் மந்தைகளுக்கிடையே போக்குவரத்து முற்றிலும் அறுந்துவிடவில்லை, அதை நடத்துவது பெரும்பாலும் ஆண்கள் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். கட்டுரையின் செய்தி இந்த அறுபடாத போக்குவரத்துதான். துண்டுதுண்டான புல்வெளிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கிற பாடம். நான்கு பக்கம் பார்த்தால் ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் தமிழ்நாடு என்று புதுச்சேரியிலிருந்து ஒடிந்து விழுந்த துண்டாக இருக்கும் காரைக்காலில் வாழ்கிறவளுக்கு அந்தப் பாடத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இடைப்பட்ட நிலம் இல்லாமல் எங்களுக்கு அரிசியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

மேடைப் பேச்சாளர் இதில் ஒரே ஒரு இழையை உருவி எடுத்தார். பெண் தங்குகிறாள் என்ற இழை. அதையும் சரியாக எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்தால் மகள்கள் தாயின் நிலப்பகுதியிலேயே நிலைகொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு சொல்வது. எந்த ஒரு பெண்மானும் நகராமல் நிற்கிறது என்று அது சொல்லவில்லை. ஆண்மான் போவதும் அவர் குரலில் இருந்த கம்பீரத்தோடு போவதில்லை. நிலம் பிடித்து நிற்கும் பெரிய ஆண்கள் இளம் ஆண்களைத் துரத்தி விடுகின்றன. துரத்தப்பட்டவை தனி மந்தையாகத் திரிகின்றன. பெண் தங்குவதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. புல் எங்கே முளைக்கும், குட்டியை எங்கே மறைக்கலாம், நாய் எந்தப் பக்கமிருந்து வரும் என்ற அறிவு பிறந்த நிலத்தில்தான் இருக்கிறது. அந்த அறிவுள்ளவள் அதை விட்டுப் போவதில் லாபம் குறைவு.

இங்கே நான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண்மான் பிறந்த இடத்திலேயே இருக்கிறது, சரி. அப்படியானால் பிறந்த இடம் அவளுடையது. வெளியிலிருந்து வருகிறவன் ஆண். மகளிர் தின மேடையில் கைதட்டல் வாங்கிய வாக்கியத்தை நேர்மையாக நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும்? மகளுக்கு வீட்டை எழுதி வைக்க வேண்டும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, நாடு முழுவதற்கும் 2005இல். சட்டம் வந்த பிறகும் "அண்ணன் தம்பி உறவு வேணும்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். நம் வழக்கத்தில் ஊர்விட்டு ஊர் போகிறவள் பெண். பிறந்த வீட்டில் தங்கிவிட்ட மகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் வாழாவெட்டி. பேச்சாளர் இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தார். சாட்சி அவருக்கு எதிராகப் பேசியது அவர் காதில் விழவில்லை.

விலங்கைக் காட்டி மனிதரைப் பேசுவது தமிழ்க் கவிதைக்குப் பழைய வழக்கம். அகப்பாட்டில் கருப்பொருளாக வரும் யானையும் நண்டும் மானும் சும்மா வருவதில்லை. உள்ளுறை, இறைச்சி என்று அதற்கு நாம் இலக்கணமே வைத்திருக்கிறோம். முல்லைப் பாட்டில் தேரில் திரும்பும் தலைவன் கண்ணில் இரலையும் அதன் துணையும் சேர்ந்தே படும். வீட்டில் காத்திருப்பவளை அவை நினைவூட்டும். ஆனால் அந்தக் கவிஞர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. மான் மானாக இருக்கிறது. அதற்குப் பொருள் ஏற்றுவது பார்க்கிறவனின் மனம். யார் பார்க்கிறார்கள், எந்த மனநிலையில் பார்க்கிறார்கள் என்பதைக் கூற்று நமக்குச் சொல்லிவிடுகிறது. மேடைப் பேச்சில் கூற்று மறைக்கப்படுகிறது. "நான் சொல்லல, டி.என்.ஏ. சொல்லுது" என்பது தலைவன் தன் ஆசையை மானின் வாயில் வைத்துவிட்டு, பாட்டிலிருந்து தான் மட்டும் நழுவிக்கொள்வதுபோல.

பெயர்களிலேயே இந்த விளையாட்டு தொடங்கிவிடுகிறது. மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் பட்டியலிடுகிறது. புல்வாய் என்று அது குறிக்கும் மானுக்கு ஆண்பாற் பெயர்கள் இரலை, கலை. பெண்பாற் பெயர் பிணை. நவ்விக்கும் உழைக்கும் கவரிக்கும்கூட அதுவே. இருபது வருடமாக இதை நடத்துகிறேன். பிணை என்றால் பெண்மான் என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அதே சொல் கட்டு என்றும், கைதி வெளியே வரக் கொடுக்கும் உத்தரவாதம் என்றும் பொருள்படுவதை நின்று யோசித்ததில்லை. இரண்டும் ஒரே வேரா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. கேட்கிற காதில் இரண்டும் ஒன்றாக விழுகின்றன, அது போதும். கலைமான் என்று நாம் சொல்லும்போது ஆணின் பெயரால் இனத்தையே அழைக்கிறோம். ஆங்கிலமும் அப்படியே, கறுப்புக் கிடா என்றுதான் இந்த இனத்துக்குப் பெயர். மந்தையில் பெரும்பான்மையாக இருக்கும் பழுப்புநிறப் பெண்களும் குட்டிகளும் அந்தப் பெயருக்குள் இல்லை. கோடியக்கரைக்காரர்கள் வைத்த பெயர் வெளிமான். அது ஆணையும் சொல்லவில்லை, பெண்ணையும் சொல்லவில்லை. அவை நிற்கும் நிலத்தைச் சொல்கிறது.

இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பதென்றால் எல்லாச் சாட்சிகளையும் அழைக்க வேண்டும். எங்கள் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமையில் கரையேறுவது பெண் மட்டுமே. ஆண் கடலிலேயே வாழ்ந்து முடிந்துவிடும். சிம்பன்சிகளில் பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போவது பெரும்பாலும் பெண். யானைகளில் மகள்கள் தாயோடும் பாட்டியோடும் இருக்க, ஆண் வெளியேறும். இதில் எதை எடுத்து எங்களுக்கு உபதேசம் செய்வது என்பதை ஆமையும் யானையும் முடிவு செய்வதில்லை.

புலியில் மகள் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே நிலம் பிடிப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. அதனால் 2024இல் ஒடிசாவில் நடந்ததை நான் வேறு கண்ணால் படித்தேன். சிமிலிபால் காட்டில் உடல் முழுக்கக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணனின் ஆய்வுக்குழு, வினய் சாகரை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2021இல் அதன் காரணத்தை வெளியிட்டது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் கறுப்பு தெரியும். மற்ற காடுகளில் அரிதினும் அரிதான இந்த நிறம் சிமிலிபாலில் மூன்றில் ஒரு புலிக்கும் மேல் இருக்கக் காரணம், அந்தக் காடு பிற புலிக்காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டு, சில புலிகளின் வழித்தோன்றல்களே தங்களுக்குள் இணைசேர்ந்து பெருகியது. சுற்றுலாப் பயணிக்கு அதிசயமாகத் தெரிவது ஆய்வாளருக்கு எச்சரிக்கை.

புதிய மரபணு வரட்டும் என்று மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு இளம் பெண்புலிகளைக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் ஜமுனா, நவம்பரில் ஜீனத். திறந்துவிட்ட சில நாட்களில் ஜீனத் சிமிலிபாலை விட்டு நடக்கத் தொடங்கியது. ஜார்க்கண்டுக்குப் போய், அங்கிருந்து மேற்கு வங்காளத்துக்குள் நுழைந்து, வாரக்கணக்கில் மூன்று மாநில வனத்துறைகளையும் அலையவைத்தது. டிசம்பர் 29 அன்று பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பிறகு சிமிலிபாலுக்கே கொண்டுபோனார்கள். நாளிதழ்களில் அதற்கு விழுந்த சொல் வழிதவறிய புலி. எந்த வழியிலிருந்து தவறியது? பிறந்த காட்டிலிருந்து மயக்கி எடுத்து வேறொரு காட்டில் இறக்கிவிட்டது நாம். அதற்குத் தெரிந்த வழி தடோபாவில் இருக்கிறது. புலிக்குக் கல்யாணம் தெரியாது, புகுந்த வீடு தெரியாது. ஜீனத்தைக் கலகக்காரியாக்கி நான் கவிதை எழுதினால் மேடைப் பேச்சாளர் செய்ததையே நானும் செய்கிறேன். நான் கேட்பது சொல்லைப் பற்றி மட்டும். இந்த முறைக்கு விஞ்ஞானத்தில் மரபணு மீட்பு என்று பெயர். மீட்கப்படுவது ஓர் இனம். மீட்கும் கருவி ஒரு பெண்ணுடல். வம்சம் தழைக்க வெளியூரிலிருந்து பெண் எடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வாக்கிய அமைப்பு புதிதல்ல. திட்டம் தேவைதானா என்றால், துண்டுபட்ட காட்டில் தேவையாக இருக்கலாம். அந்தத் தேவையைச் சொல்ல நாம் எடுக்கும் மொழி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது விமர்சகரின் வேலை.

சிமிலிபால் கதையைப் படித்ததும் எனக்குள் வேறொரு ஆசையும் எழுந்தது. சாதித் தூய்மை பேசுகிறவர்கள் முன்னால் இந்தக் கறுப்புப் புலியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் போலிருந்தது. ரத்தம் கலக்கக்கூடாது என்று பெற்ற மகளையே வெட்டுகிறார்கள். கலக்காத ரத்தம் என்ன ஆகும் என்று புலி சொல்கிறது பாருங்கள் என்று. இதை அவளிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல என்னை எங்க தாய்மாமாவுக்கே கேட்டாங்க மேம். அப்ப நான் எம்.எஸ்சி. ஜெனடிக்ஸ் படிச்சிட்டிருந்தேன். சொந்தத்துல கட்டுனா பிள்ளைக்கு என்ன ஆகும்னு சார்ட் போட்டே காட்டியிருக்கலாம். காட்டல. எனக்கு வேணாம்னு மட்டும் சொன்னேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சார்ட் காட்டியிருந்தா, அசல்ல ஒரு மாப்பிள்ளையக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாங்க. அதுக்கப்பறம் வேணாம்னு சொல்ல என்கிட்ட காரணம் இருந்திருக்காது."

அவள் சொன்னதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் கட்டிய குடும்பத்தில் குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால் ஊர் முதலில் யாரைப் பார்க்கிறது என்று எங்களுக்குத் தெரியும். மரபணு பேசும் மருத்துவ அறிவுரையும் பல சமயம் தாயின் வயிற்றைப் பார்த்தே பேசுகிறது. அந்தக் கல்யாணத்தை முடிவு செய்த கூடத்தை அது பார்ப்பதில்லை. சாதி கூடாது என்று சொல்லப் புலியின் அனுமதி தேவையில்லை. ஒருவேளை நாளைக்கே கலப்பால் தீங்கு என்று ஏதோ ஓர் இனத்தில் ஓர் ஆய்வு வந்தால் சாதி சரியாகிவிடுமா? மனிதரை இழிவு செய்கிறது என்பதால் சாதி கூடாது. வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், அவள் சொன்னதாலேயே அது வேண்டாம். பேச்சாளரின் தவறு, தவறான விலங்கைத் தேர்ந்தெடுத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். விலங்கைத் தேடிப் போனதே தவறு என்று என் மாணவி எனக்குக் காட்டினாள்.

அப்படியானால் இந்த விஞ்ஞானத்தில் பெண்களாகிய நமக்கு என்ன இருக்கிறது? உபதேசம் இல்லை. ஆனால் எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு மந்தையில் தலைகளை எண்ணினால் கிடைப்பது ஓர் எண். அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கொண்டுசேர்க்கும் கணக்கில் அந்த மந்தை எத்தனைக்குச் சமம் என்பது இன்னோர் எண். பயனுள்ள எண்ணிக்கை என்று இதைச் சொல்லலாம். இணைசேரும் ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இருவரின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஐம்பது பெண்மான்களும் இரண்டே இரண்டு ஆண்மான்களும் இணைசேரும் மந்தையில் தலைகள் ஐம்பத்திரண்டு. கணக்குப் போட்டால் வருவது எட்டுக்கும் குறைவு. ஐம்பது பேர் இருந்தும், வாய்ப்பு இரண்டு பேர் கையில் குவிந்தால் மந்தை எட்டாகச் சுருங்குகிறது. என் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூட்டங்களின் அழைப்பிதழில் பெயர்கள் வேறு மாதிரி இருக்கின்றன. அந்தச் சூத்திரத்தை அங்கே பொருத்த முடியாது, மேலே நானே அதைத் தடுத்துவிட்டேன். தலைகளை எண்ணித் திருப்தியடையாதே என்ற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியை மாற்றிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். இதே வெளிமானில் ஆண்கள் ஓரிடத்தில் நெருக்கமாகக் கூடி நின்று பெண்களைக் கவரப் போட்டியிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. ஏன் என்று இந்தியாவின் பல மந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்த கவிதா ஈஸ்வரன் 2005இல் எழுதிய கட்டுரையில், பெண்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதே அதை மிக நன்றாக விளக்குகிறது என்று காட்டினார். கொம்பு, சண்டை, கறுப்பு நிறம் என்று எல்லோர் கண்ணும் ஆண்கள்மேல் இருக்க, பழுப்புநிற மந்தையின் அளவை அவர் எண்ணினார். நான் இதைப் பெண்களின் வெற்றி என்று படிக்கவில்லை. எதை எண்ணவேண்டும் என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது ஆய்வு என்று படிக்கிறேன்.

அந்த முடிவை எடுக்கும் இடத்தில் பெண் நீடித்து இருக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு இதில் மிஞ்சும் கவலை. போஸ்ட்-டாக் என்பது படிப்பும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு என்று ஒப்பந்தம். நிதி முடிந்தால் அடுத்த ஆய்வுக்கூடம், அடுத்த ஊர், முடிந்தால் அடுத்த நாடு. நகராதவர்களுக்கு அந்த உலகத்தில் இடம் குறைவு. இந்த அலைச்சல் முப்பதை ஒட்டிய வயதில் வருகிறது. வீட்டில் "எப்ப?" என்று கேட்கும் அதே வயது. காட்டுக்குப் போனால் "கூட யாரு வந்திருக்கா?" என்பது முதல் கேள்வி என்றாள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆண்மான் ஊர் ஊராகப் போகிறது என்று மேடையில் சொன்ன ஆராய்ச்சிக்குப் பின்னால், புழுக்கை பொறுக்கி எட்டு மாநிலம் பார்த்த வேலை இருக்கிறது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு பெண். பேச்சாளர் அதைச் சொல்லவில்லை. நகராத பெண்ணுக்கான ஆதாரத்தை நகர்ந்த ஒரு பெண் தந்திருக்கிறாள்.

அவளுக்கு முன்னால் ஒரு தடம் இருக்கிறது. 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, அமெரிக்காவின் மிச்சிகனில் 1931இல் ஆய்வுப் பட்டம் பெற்று, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்வகைகளோடு கலந்து பார்த்தவர். கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஒரு சமூகத்தில் கலப்பையே தொழிலாக வைத்திருந்தார். இங்கிலாந்துக்குப் போய், டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்து, 1984இல் சென்னையை ஒட்டிய மதுரவாயலில் இறந்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பெட்டிச்செய்தி கிடைத்தால் பெரிது. அவர் எத்தனை ஊர் மாறினார், ஏன் மாற வேண்டியிருந்தது என்பது அந்தப் பெட்டிக்குள் அடங்காது.

மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம் இருவரும் கோடியக்கரைக்குப் போனோம். வெயிலில் புல் காய்ந்து கிடந்தது. வழியில் அவள் அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். "டீச்சரம்மா, நீங்க சொன்னா கேப்பா, இங்கேயே ஒரு காலேஜ்ல சேரச் சொல்லுங்க" என்று அந்த அம்மா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துச் சொன்னதை நான் அவளிடம் மறைக்கவில்லை. "உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊரு பேரு உலகத்துக்குத் தெரிஞ்சதே ஊரவிட்டுப் போனவங்களாலதான மேம்" என்றாள். அம்மையாரைச் சொல்கிறாள். நாங்கள் ஆண்டுதோறும் புனிதவதியின் கல்யாணத்தை நடத்தி, மாம்பழம் இறைத்துக் கொண்டாடுகிறோம். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அவர் உடலின் அழகை உதறி, பேயுருவில் கயிலைக்குத் தலையால் நடந்து, திருவாலங்காட்டில் போய்த் தங்கினார். திரும்பி வரவில்லை. ஆனாலும் அவர் பெயர் காரைக்கால் அம்மையார்.

கொஞ்ச தூரத்தில் பழுப்புநிற மந்தை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தரையில் புழுக்கை கிடந்தது. "எடேன்" என்றேன். "அனுமதி இல்லாம ஒண்ணுகூட எடுக்கக்கூடாது மேம்" என்று என் கையைத் தடுத்தாள். மந்தை தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்தது. பிறகு ஒரு பெண்மான் நகர, மற்றவை பின்னால் போயின. எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது.

இந்த ஆண்டு மரபியல் நடத்தும்போது பலகையில் பிணை என்று எழுதிவிட்டு, பொருள் என்ன என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து "ஜாமீன் மேம்" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. வழக்கமாக அந்த இடத்தில் திருத்திவிட்டு மேலே போயிருப்பேன். இந்த முறை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, புழுக்கையிலிருந்து தொடங்கினேன்.